உத்தியோகமும் இலட்சியமும்: ஈழத்து அறிஞர் நால்வர் கண்ட வழிகள்

உத்தியோகம் என்னும் சொல் வடமொழியில் முயற்சி, ஊக்கம் என்னும் பொருள்களைத் தருவது. மகாபாரதத்தில் போருக்கு முன் நிகழ்ந்த முயற்சிகளைக் கூறும் பகுதி உத்தியோக பருவம் எனப் பெயர் பெற்றமையும் இதனாலேயாம். ஈழத் தமிழர் வழக்கிலோ இச்சொல் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்திற் பொருள் சுருங்கி, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய அரசாங்க வேலையையே சிறப்பாகக் குறிப்பதாயிற்று. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்னும் முதுமொழியும், 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்று யாழ்ப்பாணத்தார் வழங்கும் பழமொழியும் இப்பொருள் மாற்றத்துக்குச் சான்றாகும். பின்னையது நகைச்சுவைக்காக எழுந்ததாயினும், கோழி மேய்ப்பதில் ஒருவனுக்கு விருப்பம் உண்டா இல்லையா என்னும் வினாவை அப்பழமொழி எழுப்பவே இல்லை என்பது கவனிக்கற்பாலது.

இறுதியாண்டுப் பரீட்சை நெருங்கும் காலத்தில் நம் விடுதி அறைகளில் நிகழும் உரையாடல்களைக் கேட்பார்க்கு அப்பழமொழி இன்னும் இறந்துவிடவில்லை என்பது புலனாகும். வர்த்தமானி அறிவித்தல்களைத் தேடுகிறோம். விண்ணப்பப் பத்திரங்களை நிரப்புகிறோம். எப்பதவிக்கு எத்தனை வெற்றிடங்கள் உள என்று விசாரிக்கின்றோம். மூன்று நான்கு ஆண்டுகள் கற்ற கல்வி நமக்குள் வளர்த்த விருப்பங்களுக்கும் கொள்கைகளுக்கும் அவ்விண்ணப்பப் பத்திரத்தில் இடம் உண்டா என்று வினவுவோர் மிகச் சிலரே. வினவுவோரையும் அநுபவமற்றோர் என்று நகைத்து விடுகின்றோம்.

இவ்வினா நமக்குப் புதியதன்று. ஆங்கிலக் கல்வியும் அரசாங்கப் பதவிகளும் நம்மவர்க்குக் கிடைக்கத் தொடங்கிய காலந்தொட்டே இது எழுந்துள்ளது. தாம் பெற்ற தொழிலையும் தாம் கொண்ட இலட்சியத்தையும் எவ்வாறு பொருத்துவது என்னும் சிக்கலுக்கு ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, சேர் பொன்னம்பலம் அருணாசலம், சுவாமி விபுலாநந்தர் ஆகிய நால்வரும் நான்கு வேறு விடைகளைக் கண்டனர். அவர்தம் இலக்கிய, சமய, அரசியற் பணிகள் பலராலும் ஆராயப்பட்டவை. அவர்களைத் தொழில் தேடிய இளைஞர்களாக வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்தியோக வேட்கையின் பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாடு பெரிய ஆறுகள் அற்றது. மழையை நம்பிய நெல்லும், கிணற்று நீரை இறைத்துப் பயிரிட்ட புகையிலையும், பனையுமே அதன் வளங்கள். பரம்பரைதோறும் பங்கிடப்பட்டுச் சிறுத்துப்போன காணிகள் பெருகிவந்த குடும்பங்களைத் தாங்கமாட்டாதனவாயின. இந்நிலையில் 1814 இல் வெஸ்லியன் மிஷனும், 1816 இல் அமெரிக்க மிஷனும், 1818 இல் சேர்ச் மிஷனும் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிப் பாடசாலைகளை நிறுவின. 1833 இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக்-கமரன் சீர்திருத்தங்கள் அரசாங்க சேவையின் கீழ்நிலைப் பதவிகளை ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்குத் திறந்துவிட்டன. தொடர்ந்து வந்த கோப்பித் தோட்டப் பொருளாதாரம் கந்தோர்களைப் பெருக்கியது. 1867 இல் கொழும்பையும் கண்டியையும் இணைத்த புகையிரதப் பாதை மேலும் பல பதவிகளைத் தோற்றுவித்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவும் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்களைப் பெருந்தொகையாக ஈர்த்தது.

கல்வி கொடுத்தோரின் நோக்கமும் கல்வி பெற்றோரின் நோக்கமும் வேறுபட்டமைக்கு வட்டுக்கோட்டை செமினரியின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1823 இல் அமெரிக்க மிஷனாரால் நிறுவப்பட்ட அக்கழகம் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம் முதலியவற்றை உயர்தரத்திற் கற்பித்தது. சுதேசக் கிறிஸ்தவப் போதகர்களை உருவாக்குவதே அதன் முதன்மையான நோக்கமாயிருந்தது. ஆனால், அங்கு கற்றோரிற் பலர் கூடிய சம்பளந் தரும் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு இந்நிலையை ஆராய்ந்ததன் பயனாக 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆசியாவிலேயே உயர்ந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்ட ஒரு நிறுவனம், அதன் மாணவர் நல்ல உத்தியோகம் பெற்றனர் என்னும் காரணத்தாலேயே மூடப்பட்டமை வியப்புக்குரியது. மாணவரைக் குறைகூறுதல் எளிது. காணியுஞ் செல்வமும் குறைந்த குடும்பத்திலிருந்து வந்த இளைஞன், பிறர் தனக்கென வகுத்த இலட்சியத்தை ஏற்காது தன் குடும்பத்தின் தேவையை ஏற்றான் என்பதே உண்மை. இலட்சியம் ஒருவனது உள்ளத்திலிருந்து எழவேண்டுமேயன்றி, கல்வியோடு சேர்த்து வழங்கத்தக்கதன்று என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

விலகி நின்றவர்

1822 இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, இருபது வயதளவில் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார். பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்ததோடு, விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புப் பணியில் அவருக்கு உறுதுணையாகவும் இருந்தார். அக்கால யாழ்ப்பாணத்தில் இளைஞன் ஒருவன் விரும்பத்தக்க நிலை இதனின் மேற்பட்டதன்று. சம்பளம், மதிப்பு, அதிகாரமுடைய ஐரோப்பியர் ஒருவரின் நன்மதிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்திருந்தன.

ஆயினும், செய்யும் தொழிலுக்கும் கொண்ட கொள்கைக்கும் இடையே பிளவு விரிந்துகொண்டே சென்றது. பகலில் மிஷன் பாடசாலையிற் கற்பித்தவர், 1847 டிசெம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலைப் பதவியைத் துறந்தார். முதலிற் பதவியை விட்டுப் பின்னர் வழி தேடியவர் அல்லர் அவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. செய்யவேண்டிய பணியை முதலில் தொடங்கி, அதனோடு பதவி பொருந்தாமை தெளிவான பின்னரே அதனை நீத்தார். பேர்சிவலோடு அவருக்கிருந்த மதிப்பும் இதனால் முற்றாக அற்றுப் போகவில்லை.

நாவலர் தாமே பின்னாளில் எழுதிய அறிக்கை ஒன்றில் தம்மோடு ஆங்கிலங் கற்றவர்கள் உத்தியோகம் பெற்று வாழ்வதையும், உத்தியோகம் இல்லாதவரை உலகம் மதியாமையையும் தாம் அறியாதவர் அல்லர் என்பதை உணர்த்தியுள்ளார். விளையப்போவதை நன்கு தெரிந்தே அவர் அம்முடிவை மேற்கொண்டார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். இல்லறத்தில் அவர் புகவில்லை. வித்தியாசாலையையும் அச்சுக்கூடத்தையும் நடத்தப் பொருள் வேண்டி ஈழத்திலும் தமிழகத்திலும் பலரை அணுக வேண்டியிருந்தது.

இங்கே இரு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, உத்தியோகத்தைத் துறந்த நாவலரே 1872 இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகள் உத்தியோகத்தின் பொருட்டு ஆங்கிலங் கற்க வேண்டியிருந்தமையையும், அதற்காக மிஷன் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்தமையையும் அவர் உணர்ந்திருந்தார். பொருள் முட்டுப்பாட்டால் அப்பாடசாலை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தமக்கு வேண்டாத உத்தியோகம் பிறர்க்கும் வேண்டாததாதல் வேண்டும் என அவர் வற்புறுத்தவில்லை. இரண்டாவது, நாவலர் சாதியாசாரத்தை வலியுறுத்தியவர். கொள்கைக்காகத் தொழிலைத் துறந்தார் என்பதனால் அக்கொள்கையின் எல்லாக் கூறுகளும் சரியானவை ஆகிவிடா. இலட்சியத்துக்கு உண்மையாயிருத்தல் ஒன்று. அவ்விலட்சியத்தையே பரிசோதித்தல் மற்றொன்று. பிற்கூறியதனைப் பின்வந்த தலைமுறைகளே செய்யவேண்டியிருந்தது.

பகுத்து வாழ்ந்தவர்

சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டை செமினரியின் மாணவர். அக்கழகம் உருவாக்கிய உத்தியோகத்தர் பரம்பரையின் தலைசிறந்த பிரதிநிதி என அவரைக் கூறலாம். கோப்பாயில் ஆசிரியராயிருந்து, பேர்சிவலின் அழைப்பின்பேரிற் சென்னை சென்று 'தினவர்த்தமானி' இதழுக்கு ஆசிரியரானார். 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதற் பட்டப் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்னர் கள்ளிக்கோட்டையிற் கல்லூரி ஆசிரியராகவும், சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உயர் உத்தியோகத்தராகவும் கடமையாற்றினார். சட்டப் பட்டமும் பெற்றார். 1882 இல் ஓய்வு பெற்று, 1887 முதற் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக விளங்கினார்.

இந்த உத்தியோக வரலாறு மாத்திரம் எஞ்சியிருப்பின் அவரை இன்று எவரும் நினைவுகூரார். கணக்குப் பகுதியில் அவர் எழுதிய குறிப்புகள் எங்கே உள்ளன என்பதும் தெரியாது. கந்தோர் முடிந்த பின்னர் அவர் ஏட்டுச் சுவடிகளோடு கழித்த பொழுதுகளே அவரை வரலாற்று மனிதராக்கின. 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையை நாவலர் பரிசோதிக்க, தாமோதரம்பிள்ளை வெளியிட்டார். பின்னர் வீரசோழியம் 1881 இலும், இறையனாரகப்பொருள் 1883 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியருரையோடு 1885 இலும், கலித்தொகை 1887 இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. செல்லரித்து உதிரும் ஏடுகள் தம் கண்முன்னே அழிந்துகொண்டிருப்பதைக் கண்ட வேதனையை அவர்தம் பதிப்புரைகள் உணர்ச்சியோடு பேசுகின்றன. இந்நூல்களை வாங்குவோர் சிலரேயாகப் பெரும் பொருள் நட்டம் நேர்ந்தபோதும் அவர் தளரவில்லை.

அவரைப் பொறுத்தவரை உத்தியோகம் இலட்சியத்துக்குப் பகையாயமையவில்லை. அதற்குப் பணம் வழங்கும் துணையாயமைந்தது. ஊர்தோறும் ஏடு தேடச் செலவிடவும், படி எடுப்போருக்குக் கூலி கொடுக்கவும், அச்சகத்தாருக்குப் பணஞ் செலுத்தவும் சம்பளமும் ஓய்வூதியமுமே கைகொடுத்தன. இவ்வழியின் இடர்ப்பாட்டையும் கூறவேண்டும். அவருடைய முக்கியமான பதிப்புகளிற் பெரும்பாலானவை அவர் ஐம்பது வயதை அடைந்து ஓய்வு பெற்ற பின்னரே வெளிவந்தன. பகற்பொழுதெல்லாம் உத்தியோகத்துக்குரியதாயிருந்த ஆண்டுகளில் இழந்த காலம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. பகுத்து வாழ முற்படுவோரிற் பலர், 'ஓய்வு பெற்றபின் செய்வேன்' என்று தள்ளிவைத்து, ஓய்வு பெறும்போது விருப்பத்தையும் இழந்துவிடுகின்றனர். ஓய்வுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே சேனாவரையத்தை வெளியிட்டுத் தம் பணிக்கு அடித்தளம் இட்டிருந்தமையே தாமோதரம்பிள்ளையை அவ்விழப்பிலிருந்து காத்தது எனலாம்.

சேனாவரையப் பதிப்பு வேறொரு வகையிலும் சிந்தனைக்குரியது. உத்தியோகத்தைத் துறந்தவரும் உத்தியோகத்தில் உயர்ந்தவரும் அவ்வொரு நூலிலே கைகோத்தனர். இருவரும் ஒருவர் வழியை மற்றவர் பழித்தாரல்லர். கொள்கை பேசுவோரையும் சம்பளம் வாங்குவோரையும் இரு பகைக் கூட்டங்களாகக் காணும் நம் வழக்கத்தை இந்நட்பு மறுக்கிறது.

உள்ளிருந்து உழைத்தவர்

1853 இற் கொழும்பிற் பிறந்த பொன்னம்பலம் அருணாசலத்தின் நிலை வேறானது. செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பத்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்றவர். 1875 இற் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர். வயிற்றுப் பிழைப்புக்காக உத்தியோகம் பார்க்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. ஐரோப்பியரின் தனியுரிமையாயிருந்த சேவையில் நாட்டவர் ஒருவரின் திறமையை நிலைநாட்டுவதே அவர் முன்னிருந்த சவால். ஆயினும், அந்நிய அரசின் கருவியாயிருந்து கொண்டே தம் நாட்டுக்கு உழைப்பது எங்ஙனம் என்னும் வினா அவரைத் தொடர்ந்திருத்தல் வேண்டும்.

நீதித்துறைப் பதவிகள் பலவற்றில் இருந்தபின், 1887 இற் பதிவாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளும் காணி உறுதிகளும் அடங்கிய அத்திணைக்களம் சீர்குலைந்து கிடந்தது. உறுதி ஒன்றைத் தேடிவரும் ஏழைக் குடியானவனுக்கு அங்குள்ள ஒழுங்கின்மை நேரடியான துன்பமாகும். அருணாசலம் ஆவணங்களை ஒழுங்குபடுத்தித் திணைக்களத்தைச் சீர்திருத்தினார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்த அவர், எண்களின் அட்டவணையோடு நின்றுவிடாது, இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, வழக்கங்கள் பற்றிய செறிவான ஆய்வாக அவ்வறிக்கையை அமைத்தார். அரசாங்கம் கேட்டது தொகை. அவர் கொடுத்தது ஒரு நாட்டின் உருவம். வரலாற்று மாணவர்களாகிய நாம் இன்றும் அவ்வறிக்கையைப் பயன்படுத்துகின்றோம்.

பதவி விதித்த எல்லைகளையும் அவர் அறிந்திருந்தார். கல்வித்துறையில் அரசாங்க ஊழியர் ஒருவர் செய்யக்கூடியதைச் செய்து, 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்ற முன்னின்றார். நாம் இன்று பயிலும் பல்கலைக்கழகக் கல்வியின் விதைகளுள் ஒன்று அதுவாகும். அரசியலில் வெளிப்படையாக இறங்க 1913 இல் ஓய்வு பெறும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஓய்வின் பின் வந்த பத்தாண்டுகளின் வேகம் அக்காத்திருப்பின் சுமையை உணர்த்துகிறது. 1915 இற் சமூக சேவைச் சங்கம். 1917 இல் அரசியற் சீர்திருத்தம் வேண்டி ஆற்றிய பேருரை. 1919 இல் தொழிலாளர் நலன்புரி சங்கம். அவ்வாண்டிலேயே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைமை. தோட்டத் தொழிலாளரின் இன்னல்களை எடுத்துக்கூறிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1921 இற் காங்கிரசை விட்டு மனக்கசப்போடு விலகிய அவர், 1924 இல் மதுரையில் மறைந்தார்.

உத்தியோகத்தின் உள்ளே தம் விழுமியத்துக்கு இடங்காண முடியும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அதற்கு இரு நிபந்தனைகள் உள. தமக்கு இடப்பட்ட வேலையைக் கேட்கப்பட்ட அளவுக்கு மேலாகச் செய்யவேண்டும். அவ்வேலை இடந்தராத கருமம் எது என்பதையும் தமக்குத் தாமே மறைக்காது ஒப்புக்கொள்ள வேண்டும்.

துறந்து மீண்டவர்

கிழக்கிலங்கையிற் காரைதீவில் 1892 இற் பிறந்த மயில்வாகனனார், பிற்காலச் சுவாமி விபுலாநந்தர், தொழிற் பாதையிற் பலமுறை திசைமாறியவர். ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகி மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்ற அவரது போக்கு, உத்தியோகமே குறியாகக் கொண்டோர்க்குப் பொருத்தமற்ற கலப்பாகத் தோன்றியிருக்கக் கூடும்.

அதிபர் பதவியில் நிலைபெற்ற இரண்டாண்டுகளில், 1922 இல், அதனை விடுத்து இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924 இல் துறவு பூண்டார். தொழில் வாழ்வு அத்துடன் முடிந்தது என உலகத்தார் எண்ணுவர். உண்மையில் அது புதிய நிலையில் தொடங்கிற்று எனலாம். ஈழத்துக்கு மீண்டு மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தை வளர்த்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர் ஆசனமும் அவரை நாடி வந்தது. பதவியைத் தேடாத ஒருவர் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உயர் பதவி வகித்தார். பழந்தமிழரின் யாழினை மீட்டெடுக்க முயன்றபோது, அன்று கற்ற கணிதமும் பௌதிகமும் தமிழிலக்கியத்தோடு ஒன்றுசேர்ந்தன. அவ்வாராய்ச்சியின் கனியான யாழ்நூல் 1947 இல் அரங்கேறியது; அடுத்த மாதமே, யூலை 19 ஆம் நாள், அவர் மறைந்தார்.

இளமையிற் கற்றவை யாவும் உடனடியாக ஒரு பதவியாக மாறவேண்டும் என்று எதிர்பார்த்தல் தவறு என்பதை அவர் வாழ்விலிருந்து அறிகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கற்ற பௌதிகம் முதுமையை நெருங்கிய காலத்தில் இசையாராய்ச்சிக்குப் பயன்பட்டது.

பெயர் எழுதப்படாதோர்

இதுகாறும் கூறியவற்றுக்கு நியாயமான தடை ஒன்று உண்டு. இந்நால்வரும் அசாதாரணர். அருணாசலத்துக்குக் குடும்பச் செல்வம் இருந்தது. நாவலரும் விபுலாநந்தரும் இல்லறச் சுமையை ஏற்காதவர்கள். நால்வரும் ஆண்கள். உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இலேயே தொடங்கப்பட்டபோதும், கற்ற பெண்ணொருத்தி தன் தொழிலைத் தானே தெரிந்தெடுக்கும் நிலை அந்நூற்றாண்டிற் பெரும்பாலும் உருவாகவில்லை. சாதியின் பெயரால் பாடசாலை வாயிலிலேயே தடுக்கப்பட்டோர்க்கு இலட்சியத்துக்கும் உத்தியோகத்துக்கும் இடையே தெரிவு செய்யும் வாய்ப்பே கிட்டவில்லை. தெரிவு என்பது வசதி உடையோரின் உரிமையாயிருந்த சமுதாயத்தில், தெரிவு செய்தோரை மாத்திரம் புகழ்தல் முழு வரலாறு ஆகாது.

இங்கு என் தாய்வழிப் பாட்டனாரைக் குறிப்பிட விரும்புகிறேன். 1960 களிற் கொழும்பிலே திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர் அவர். 1956 ஆம் ஆண்டு அரச கரும மொழிச் சட்டத்தின் பின்னர், சேவையில் நிலைபெறவும் உயரவும் சிங்கள மொழித் தேர்ச்சி வேண்டப்பட்ட காலம் அது. கொள்கை கருதிச் சேவையை விட்டு விலகியோரும் உளர். பாட்டனார் விலகவில்லை. மூன்று தங்கையர் விவாகத்துக்கு இருந்தனர். இரவில் அப்பாடத்தைக் கற்றுச் சித்தியெய்தினார். பின்னர் ஊருக்கு மாற்றம் பெற்று வந்தபோது, மாலை வேளைகளில் வீட்டு விறாந்தையில் அயற் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தார், பணம் வாங்கியதில்லை. கொள்கைக்காக அன்று விலகியிருக்கலாமே என்று இளமைத் துடுக்கில் நான் ஒருமுறை கேட்டபோது, "சம்பளம் வீட்டுக்கு, பின்னேரம் எனக்கு" என்று மட்டும் கூறினார். அவ்விடையைக் கோழைத்தனம் என்று அன்று எண்ணினேன். தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையைக் கற்ற பின்னர் அவ்வெண்ணம் மாறியது. குடும்பத்தைத் தாங்குதலும் ஒரு விழுமியமே. அதனை ஏற்றோர் இலட்சியமற்றோர் ஆகார். எழுதுவினைஞர்களின் மணியோடர்களும் மலாயாவிலிருந்து வந்த பணமுமே இந்நாட்டுத் தமிழர் பாடசாலைகள் பலவற்றுக்கும் கோயில்களுக்கும் கைகொடுத்தன என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

அதேவேளை, ஒரு சமுதாயம் முழுவதும் ஒரே பாதையை நம்பியதன் விளைவையும் வரலாறு காட்டியுள்ளது. 1956 இன் பின்னர் அரசாங்க சேவை என்னும் வாயில் தமிழருக்குக் குறுகத் தொடங்கிற்று. 1970 களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலையும் ஒடுக்கியது. அநீதி அநீதியே. எனினும், கல்வியின் பயன் உத்தியோகம் ஒன்றே என்று தலைமுறைகளாகப் பழகிய இளைஞர், அவ்வுத்தியோகம் மறுக்கப்பட்டபோது தம் கல்விக்கே பொருளில்லை என்று உணர்ந்தமை அவ்வநீதியின் வலியை இருமடங்காக்கிற்று. வேறு பொருள் எதனையும் அக்கல்விக்கு நாம் முன்னரே தேடி வைத்திருக்கவில்லை.

முடிவுரை

விலகுதல், பகுத்து வாழ்தல், உள்ளிருந்து உழைத்தல், துறந்து மீளுதல் என நான்கு வழிகளைக் கண்டோம். இவற்றுள் ஒன்றை உயர்ந்ததென்று கூற வரலாற்று மாணவனுக்கு உரிமை இல்லை. ஆயின், நால்வர்க்கும் பொதுவானதொன்றைக் கூறலாம். தாம் எதற்காக உழைக்கப்போகின்றோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பதவியை விட்டபோதும் அவர்கள் வெறுமையடையவில்லை. பதவியில் இருந்தபோதும் அதனுள் மூழ்கிப்போகவில்லை. அவ்விலட்சியம் வெறும் எண்ணமாக நின்றதுமில்லை. நாவலரின் பிரசங்கம், தாமோதரம்பிள்ளையின் சேனாவரையம், மயில்வாகனனாரின் பண்டிதர் பட்டம் ஆகியன யாவும் பிழைப்புக்கான தொழில் ஒருபுறம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தொடங்கப்பட்டவை.

ஆகவே, விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பப்போகும் நாம் அதன் முன்னர் நம்மை நாமே கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. இவ்வேலை கிடையாதுபோயினும் நான் விடாது செய்யக்கூடிய கருமம் எது? இவ்வேலை அதற்குப் பகையா, துணையா, களமா? நான் எடுக்கும் முடிவின் விலையை நான் கொடுப்பேனா, அல்லது என் வீட்டார் கொடுக்க நேருமா? என் இலட்சியம் பிறரைத் தாழ்த்தாத இலட்சியந்தானா? இவற்றுக்கு விடை கண்டபின் வர்த்தமானியைத் தேடுவதில் இழுக்கு ஏதுமில்லை.

உத்தியோகம் என்னும் சொல்லுக்கு முயற்சி என்பதே முதற்பொருள் என்று தொடக்கத்திற் கண்டோம். நியமனக் கடிதம் வரும்வரை காத்திருக்கும் காலத்திலும் அப்பொருளில் நாம் உத்தியோகத்தராக இருத்தல் கூடும். என் பாட்டனார் கற்பித்த விறாந்தை இன்னும் இருக்கிறது. பரீட்சை முடிந்து ஊர் திரும்பும்போது, நியமனம் கிடைப்பினும் கிடையாதுபோயினும், அங்கே மாலை வகுப்பை மீண்டும் தொடங்குவதென எண்ணியுள்ளேன்.